ஒன்பது கட்டத்து நகரம் – 7: வேடிக்கை பார்க்க வந்தவர்கள்

சென்ற வாரம் சவாய் ஜெய்சிங்கின் மரணத்தோடு நிறுத்தியிருந்தோம். 1743 செப்டம்பர். ஆமேர் மலையிடுக்கை விட்டுச் சமவெளிக்கு இறங்கி, 1727 நவம்பரில் அவர் கால்கோள் செய்த ஜெய்ப்பூருக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை.

வித்யாதர் பட்டாச்சார்யா என்ற வங்காளி போட்டுக் கொடுத்த ஒன்பது கட்டங்கள், மலை குறுக்கே வந்ததால் ஒரு கட்டத்தை மட்டும் தென்கிழக்கு மூலைக்கு நகர்த்திய சாமர்த்தியம், நூல் பிடித்தாற்போல ஓடும் கடைவீதிகள், அரண்மனையை ஒட்டி எழுந்த ஜந்தர் மந்தர். இவ்வளவையும் சுற்றிப் பார்த்துவிட்டோம்.

நிழலை வைத்து நேரத்தை நொடிக்கணக்கில் அளந்த மனிதர் ஜெய்சிங். ஆனால் தனக்குப் பின் யார் என்ற கணக்கை மட்டும் இருபது வயதிலேயே பிசகாகப் போட்டுவிட்டார். அந்தப் பிசகுக்கு வட்டி கட்டியது அவர் கட்டிய ஊர்.

ஜெய்ப்பூருக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியைப் படிக்கும்போது சிலவற்றை மனக்கண்ணிலிருந்து நீக்கிவிட வேண்டும். ஹவா மஹால் இன்னும் எழவில்லை; அது 1799-இல் வரப்போவது. ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்த இளஞ்சிவப்பு, 1876-இல் வேல்ஸ் இளவரசரை வரவேற்பதற்காகப் பூசியது என்பார்கள். ஆல்பர்ட் ஹாலும் அந்தக் காலத்து வரவுதான். இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுவர், ஏழு வாசல்கள், அகன்ற தெருக்கள், புதுச் சுண்ணாம்பு.

இன்னொன்றும் மிஞ்சும். திரிபோலியா பஜாரில் நின்று மேற்கே பார்த்தால் கடைகளின் மாடிக்கு மேலே ஒல்லியாக எழுந்து நிற்கும் ஏழடுக்குக் கோபுரம். பேர் ஈசர்லாட், ஊர்வாயில் சர்காசூலி. சுற்றுலாப் பேருந்துகள் அதைக் காட்டுவதில்லை. ஹவா மஹாலுக்கு எதிரே படம் எடுத்துவிட்டு ஆமேருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். இந்த வாரக் கதை முழுவதும் அந்தக் கோபுரத்தைச் சுற்றித்தான் நடக்கிறது.

*

உதய்ப்பூரில் கொடுத்த வாக்கு

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். ஔரங்கசீப் 1707-இல் இறந்தார். வாரிசுச் சண்டையில் ஜெய்சிங் தோற்ற கட்சியில் நின்றார். வென்ற பகதூர் ஷா சும்மா இருப்பாரா? ஆமேரைப் பறித்து, மோமினாபாத் என்று பேரும் மாற்றினார்.

நாடிழந்த ஜெய்சிங்கும், அதே நிலையில் இருந்த மார்வார் அஜித் சிங்கும் 1708-இல் உதய்ப்பூருக்குப் போனார்கள். மேவாரின் மகாராணா இரண்டாம் அமர் சிங் கை கொடுத்தார். முகலாயருக்குப் பெண் கொடுக்காத குடும்பம் என்ற பெருமை மேவாருக்கு உண்டு. ஆமேரை ஆண்ட கச்வாஹாக்களோ அக்பர் காலத்திலேயே பெண் கொடுத்தவர்கள். இப்போது அந்த உதய்ப்பூர்ப் பெண்ணே ஆமேர் வீட்டுக்கு மருமகளாக வருகிறாள் என்றால் அது சாதாரணச் சம்பந்தம் அல்ல.

அதற்கேற்ப நிபந்தனைகளும் கனமாக இருந்தன. மகாராணாவின் மகள்தான் பட்டத்தரசி. அவள் வயிற்றில் பெண் பிறந்தால் முகலாயருக்குக் கட்டித் தரக் கூடாது. பிள்ளை பிறந்தால், மற்ற ராணிகளுக்கு மூத்த பிள்ளைகள் இருந்தாலும், பட்டம் இந்தப் பிள்ளைக்குத்தான்.

ஜெய்சிங் ஒப்புக்கொண்டார். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது படை. பிறக்காத பிள்ளையைப் பற்றி யோசிக்க அவகாசம் இல்லை. ஆமேர் சீக்கிரமே கைக்குத் திரும்பியது. வாக்கு மட்டும் உதய்ப்பூரில் தங்கிவிட்டது.

ஆண்டுகள் ஓடின. வேறொரு ராணிக்கு ஈஸ்வரி சிங் 1721-இல் பிறந்தார். மேவார் ராணிக்குப் பிள்ளை பிறந்தது அதற்கும் ஆறேழு ஆண்டு கழித்து, ஜெய்ப்பூரின் அஸ்திவாரம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில். அந்தப் பிள்ளை மாதோ சிங்.

பிள்ளை பிறந்த செய்தி கேட்டு ஜெய்சிங் மகிழ்ந்ததைவிடக் கலங்கியதே அதிகம் என்று ஊகிக்கலாம். ராம்புரா சீமையை மேவாரிடமிருந்து மாதோ சிங்குக்கு வாங்கிக் கொடுத்தார். தனியாக ஒரு சொத்து இருந்தால் பட்டத்தைக் கேட்க மாட்டான் என்ற நப்பாசை. கேட்காமல் இருக்கப் பையன் தயாராக இருந்தாலும் தாய்மாமன் வீடு தயாராக இல்லை.

*

ஏலம்

ஜெய்சிங் கண் மூடியதும் மூத்தவர் ஈஸ்வரி சிங் சிங்காதனம் ஏறினார். டில்லி பாதுஷா முகமது ஷா அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் டில்லி சொன்னால் ஊர் கேட்ட காலம் போய்விட்டது.

உதய்ப்பூரில் அப்போது மகாராணா இரண்டாம் ஜகத் சிங். பிச்சோலா ஏரியின் நடுவே இன்று சொகுசு விடுதியாக இருக்கும் ஜக் நிவாஸ் மாளிகையைக் கட்டியவர் இவர்தான். ஒரு கையால் ஏரி மாளிகை, மறு கையால் அத்தை மகனுக்காகப் போர். முதல் மோதல் பேச்சுவார்த்தையில் முடிந்தது. அடுத்த முறை பேசவில்லை, மராத்தியரைக் கூப்பிட்டார்கள்.

கதையின் திருப்பம் இந்த இடத்தில்தான். அண்ணன் தம்பிச் சண்டை என்று பாடப்புத்தகங்கள் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றன. உண்மையில் நடந்தது ஏலம். ராஜபுத்திர வீடுகளுக்குள் சண்டை வந்தால் இரண்டு பக்கமும் மராத்தியத் தளபதிகளிடம் ஓடும். யார் கூடுதலாகத் தொகை பேசுகிறாரோ அவர் பக்கம் குதிரைப்படை வரும். சிந்தியா தரப்பு ஈஸ்வரி சிங்கின் பக்கம் சாய்ந்திருந்தது. மல்ஹார் ராவ் ஹோல்கரை மாதோ சிங்குக்காக மேவார் பிடித்துக்கொண்டது. புணேயில் இருந்த பேஷ்வா பாலாஜி பாஜிராவோ கடனில் மூழ்கியவர். அவருக்கு இரண்டு பிள்ளைகளில் யார் நியாயமான வாரிசு என்பது முக்கியமில்லை. யார் தொகையைத் தருவார் என்பதே கேள்வி.

பேசிய தொகை எதுவும் முழுதாகக் கைக்கு வரவில்லை. பாக்கி விழுந்தது. பாக்கியை வசூலிக்க மறுபடி படை வந்தது. வந்த படைக்கான செலவும் பாக்கியோடு சேர்ந்தது.

*

கோபுரம் எழும்பிய விதம்

1747 மார்ச். பனாஸ் ஆற்றங்கரையில், இன்றைய டோங்க் மாவட்டத்தில், ராஜ்மஹால் என்ற இடத்தில் இரு தரப்பும் மோதின. ஒரு பக்கம் மேவார், கோட்டா, பூந்தி, ஹோல்கர் அனுப்பிய குதிரைப்படை. மறுபக்கம் ஜெய்ப்பூர் மட்டும். வென்றது ஜெய்ப்பூர்.

ஈஸ்வரி சிங்குக்குத் தலைகால் புரியவில்லை. தந்தை கட்டிய ஊரின் நடுவே தன் பேரில் ஒரு வெற்றிக் கோபுரம் வேண்டும் என்று ஆசைப்பட்டார். வேலை தொடங்கியது.

கோபுரம் எழும்பும்போதே அவர் இறங்க ஆரம்பித்துவிட்டார். 1748 மார்ச்சில், ஆப்கானிய அகமது ஷா அப்தாலியைத் தடுக்கப் போன முகலாயப் படையோடு ஈஸ்வரி சிங்கும் போயிருந்தார். மானுப்பூர் களத்தில் வஜீர் குண்டடிபட்டு இறந்ததும் ராஜபுத்திரர்களுடன் களத்தை விட்டு ஊர் திரும்பிவிட்டார். முகலாயர்கள் அன்று ஜெயித்தது அவருக்கு இன்னும் அவமானம். ஓடியிருக்கவே வேண்டாமே.

அதே ஆண்டு ஆகஸ்டில் பக்ரு. ஜெய்ப்பூருக்குத் தென்மேற்கே, அஜ்மீர் சாலையில் முப்பது கிலோமீட்டர் போனால் வரும் ஊர். மர அச்சு வைத்துத் துணிக்குச் சாயம் பதிக்கும் சீப்பா சமூகத்தாரின் ஊர் என்று இன்று எல்லோருக்கும் தெரியும். சேலை வாங்கப் போகிறவர்கள் அந்த வயல்வெளியையும் ஒரு பார்வை பார்க்கலாம். கொட்டுகிற மழையில், சேற்றில், நாள்கணக்கில் அங்கே சண்டை நடந்தது.

பரத்பூரின் ஜாட் இளவரசர் சூரஜ்மல் ஈஸ்வரி சிங்குக்காக அங்கே போரிட்டார். ஹோல்கரின் ஆட்கள் பின்புறம் சுற்றி வந்து தாக்கியபோது பின்னணியைத் தாங்கிப் பிடித்தது அவர்தான். அந்த ஒரு நாள் அவருக்கு வட இந்தியா முழுதும் பேர் வாங்கிக் கொடுத்தது. ஆனால் ஈஸ்வரி சிங்கைக் காப்பாற்ற அது போதவில்லை. மராத்தியர் உணவு வரத்தை அடைத்தார்கள். பணியத்தான் வேண்டியிருந்தது: மாதோ சிங்குக்குச் சில சீமைகள், பூந்தி அதன் பழைய அரசரின் மகனுக்கு, மராத்தியருக்குப் பெருந்தொகை.

கோபுரம் முடிந்தது 1749-இல். பக்ருவில் மண்டியிட்ட பிறகு ராஜ்மஹால் வெற்றிக்குச் சிகரம் வைத்தார்கள்.

*

கிழிந்த பை

இந்தக் கோபுரத்துக்கு ஊர் வேறொரு காரணம் சொல்லும். படைத்தலைவர் ஹர்கோவிந்த் நாடாணிக்கு அழகான மகள் இருந்தாள். நாடாணியின் ஹவேலி சோட்டி சௌபர் பக்கம். அவளைத் தூரத்திலிருந்து பார்க்கவே ராஜா கோபுரம் கட்டினார் என்பது அந்தக் கதை. பழைய நகரத்து வழிகாட்டிகள் சுவையாகவே சொல்வார்கள். கேட்டு ரசிக்கலாம், நம்பத்தான் கூடாது. காதல் கதை வந்துவிட்டால் கணக்குப் புத்தகத்தை யாரும் திறப்பதில்லை.

கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் வருகிற பேர் கேசவ்தாஸ். ஜெய்சிங் காலத்து அனுபவம் உள்ள மந்திரி. மராத்தியரோடு பேசத் தெரிந்தவர். எங்கே கொடுக்கலாம், எங்கே இழுத்தடிக்கலாம் என்று அறிந்தவர். அவருக்கும் நாடாணிக்கும் ஆகாது. கேசவ்தாஸ் எதிரியோடு கள்ளத்தொடர்பு வைத்திருக்கிறார் என்று ராஜாவின் காதில் போட்டார்கள். ஈஸ்வரி சிங் நம்பினார். மந்திரியை விஷம் குடிக்க வைத்தார்.

என் பார்வையில் ஜெய்ப்பூரின் விதியைத் தீர்த்தது பக்ருவின் மழை அல்ல, இந்தக் கோப்பை விஷம்தான். போரில் தோற்ற அரசன் மறு ஆண்டு எழுந்து நிற்கலாம். கடன்காரனிடம் பேசத் தெரிந்த ஒரே ஆளைக் கொன்றவன் வாசலில் கடன்காரனே வந்து நிற்பான்.

நின்றான். 1750 டிசம்பரில் ஹோல்கர் பாக்கியைக் கேட்டு ஜெய்ப்பூரை நோக்கி வந்தார். கஜானாவில் கொடுக்க ஒன்றும் இல்லை. கேசவ்தாஸின் சாவுக்கும் அவர் விளக்கம் கேட்கிறார் என்று செய்தி.

படை எங்கே என்று ஈஸ்வரி சிங் நாடாணியைக் கேட்டார். லட்சம் கச்வாஹா வீரர்களைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன் என்று நாடாணி நாள்தோறும் சொல்லி வந்தவராம். மராத்தியர் ஊரை நெருங்கிய பிறகு, மகாராஜ், பை கிழிந்துவிட்டது என்றாராம். இதுவும் வாய்வழிக் கதைதான். ஆனால் கிழிந்த பை என்னவோ உண்மை. ஊரில் படை இல்லை.

அன்றிரவு ஈஸ்வரி சிங் பணியாளை அழைத்தார். மருந்து ஒன்று செய்ய வேண்டும், ஒரு நாகப்பாம்பும் கொஞ்சம் பாஷாணமும் கொண்டு வா என்றார். வந்தது. பாஷாணத்தைக் குடித்தார். பாம்பையும் கடிக்க விட்டார். மூன்று ராணிகளும் ஆசைநாயகி ஒருத்தியும் அவர் வழியிலேயே போனார்கள்.

அரண்மனைக்குள் கிடந்த அந்த உடல்களை எடுக்கக்கூட நெடுநேரம் ஆள் வரவில்லை. வெளியே கடைவீதியில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. ராஜா இறந்த சேதி ஊருக்குத் தெரியாது. மதிலுக்கு வெளியே இருந்த ஹோல்கருக்கும் தெரியாது.

ஜெய்ப்பூர் அரசர்களின் சத்திரிகள் என்ற நினைவு மண்டபங்களைப் பார்க்க எல்லோரும் நாஹர்கட் மலையடிவாரத்துக் கைத்தோருக்குப் போவார்கள். வெள்ளைப் பளிங்கில் ஜெய்சிங்கின் சத்திரி அங்கேதான். ஆனால் ஈஸ்வரி சிங்கை அங்கே தேடினால் கிடைக்காது. வரிசையில் இடம் கிடைக்காத ஒரே அரசர் அவர். அரண்மனை வளாகத்துக்குள்ளேயே, தால்கட்டோரா குளத்தின் பக்கம், தனியாக இருக்கிறது அவருடைய சத்திரி.

*

புது ராஜா, பழைய பாக்கி

மாதோ சிங்குக்கு ஆள் போனது. இருபது வயதைத் தாண்டிய இளைஞர், தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர், தந்தை கட்டிய ஊருக்கு ராஜாவாக வந்தார். 1708-இல் கொடுத்த வாக்கு நாற்பத்திரண்டு ஆண்டு கழித்து நிறைவேறியது.

சந்தோஷம் சில நாட்கூட நீடிக்கவில்லை. பட்டத்துக்கு வைத்த விலையை ஹோல்கர் கேட்டார். 1751 ஜனவரி முதல் வாரத்தில் ஜயப்பா சிந்தியாவும் படையோடு வந்து சேர்ந்தார். அவர் கேட்டது வெறும் பணம் இல்லை. நாட்டிலேயே ஒரு பங்கு.

அண்ணனை நெருக்கிக் கொன்ற அதே கரங்கள் தன் தோளில் விழுந்திருப்பதை மாதோ சிங் உணர்ந்தார். விருந்துக்கு அழைத்து உணவில் விஷம் வைக்கப் பார்த்தார் என்று மராத்தியர் தரப்பில் சொன்னார்கள். அது பலிக்கவில்லை. வெளிப்பார்வைக்கு இரு தரப்பும் நண்பர்கள்தான். மதிலுக்கு வெளியே கூடாரங்கள். உள்ளே புது ராஜா.

*

1751 ஜனவரி 10

கூடாரத்தில் இருந்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. பக்கத்திலேயே ஊரெல்லாம் பேசுகிற புதிய நகரம். இப்படி அளந்து வெட்டிய தெருக்களை அவர்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டார்கள். சண்டையும் இப்போது இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று கிளம்பினார்கள்.

கோயில்களைக் கும்பிட வந்தவர்கள், கடைவீதி பார்க்க வந்தவர்கள், குதிரையும் ஒட்டகமும் வாங்க வந்தவர்கள். பெண்களும் கூட வந்தார்கள். நாலாயிரம் பேர்வரை உள்ளே போனதாகக் கணக்கு. ஜெய்ப்பூருக்குக் கூட்டமாக வேடிக்கை பார்க்க வந்த முதல் சுற்றுலாப் பயணிகள் என்று இவர்களைத்தான் சொல்ல வேண்டும். இன்று நாம் நடக்கிற அதே பாதை: சாந்த்போல் வாசலில் நுழைந்தால் சோட்டி சௌபர், திரிபோலியா, படீ சௌபர், கோவிந்த் தேவ்ஜி கோயில்.

ஊர்க்காரர்கள் அவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்? ஆண்டுக்கணக்கில் இந்தக் குதிரைகளுக்குத்தான் வரி கட்டினார்கள். இவர்கள் வருகிறார்கள் என்று கேட்டுத்தான் ராஜா பாம்பைத் தொட்டார். அந்த ராஜாவை அவர்கள் பெரிதாக மதித்தார்களோ இல்லையோ, அவர் செத்த விதத்தை மறந்திருக்க முடியாது. ஒரு மாதம்கூட ஆகவில்லை.

நண்பகல் வாக்கில் எங்கோ கைகலப்பு தொடங்கியது. சில நிமிடங்களில் அது கடைவீதி முழுக்கப் பரவியது. கதவுகள் அடைபட்டன.

வித்யாதரின் திட்டம் அன்று எப்படி வேலை செய்தது என்று நின்று பார்க்க வேண்டும். நேரான தெரு, ஒளிய வளைவு இல்லை. தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை தெரியும், ஓடுகிறவனும் தெரிவான். நான்கு பக்கமும் மாடி வீடுகள், கல்லெறிய வசதி. ஊரைக் காக்கக் கட்டிய மதில் உள்ளே இருப்பவனை வெளியே விடவில்லை. வாசல்கள் ஏழையும் அடைத்துவிட்டால் ஜெய்ப்பூர் ஒரு பெட்டி.

நள்ளிரவு வரை வெட்டினார்கள். மூவாயிரம் பேர் அளவில் செத்தார்கள், ஆயிரம் பேர் காயம்பட்டார்கள் என்பது அக்காலக் கடிதங்களிலிருந்து வரலாற்றாசிரியர்கள் எடுத்த கணக்கு. பெண்களையும் விடவில்லை. மதிலேறிக் குதித்தவர்கள் கை கால் முறிந்து கிடந்தார்கள். மராத்தியச் செய்தி கொண்டு போன ஆட்களைச் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் மடக்கிக் கொன்றார்கள்.

ஜெய்ப்பூரின் சுற்றுலாப் புத்தகங்களில் இந்த நாள் இருப்பதில்லை. சோட்டி சௌபரிலும் ஒரு கல்கூட நாட்டவில்லை. அரசர்கள் செய்த படுகொலைகளுக்கு வரலாற்றில் பக்கம் ஒதுக்குகிறோம். கடைக்காரனும் காவல்காரனும் சேர்ந்து செய்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் விட்டுவிடுகிறோம்.

*

மறுநாள்

மாதோ சிங் தூது அனுப்பினார். இது ஊர்ச்சனங்களின் ஆத்திரம், எனக்குச் சம்பந்தமில்லை, எனக்கே தெரியாது என்றார்.

நம்பலாமா? ஏழு வாசல்களையும் தானாக வந்த ஆத்திரம் அடைத்துவிடாது. வாசல் காவல் அரண்மனையின் கையில் இருந்தது. அதே சமயம், வந்து சில நாளே ஆன ராஜா, ஊரில் யாரையும் தெரியாதவர், ஒரு சொல்லில் இவ்வளவு பேரைக் கிளப்பியிருக்க முடியுமா? அவர் சைகை செய்தார், ஊர் அதைத் தன் கணக்கில் நடத்தி முடித்தது என்றுதான் எனக்குப் படுகிறது. இதை நிரூபிக்க ஓலை எதுவும் என்னிடம் இல்லை.

ஆனால் ஹோல்கருக்கும் ஜயப்பாவுக்கும் நிரூபணம் தேவையில்லை. வெளியே அவர்களின் படை இருந்தது. உள்ளே பீரங்கி உண்டு, தலைமை இல்லை. ஒரு உத்தரவு போதும்.

அதே நாட்களில் கிழக்கே வேறொரு சந்தை திறந்திருந்தது. முகலாய வஜீரும் அவத் நவாபுமான சஃப்தர் ஜங், முந்தைய செப்டம்பரில் அகமது கான் பங்காஷின் ஆப்கானியரிடம் தோற்று, துணைக்குக் குதிரைப்படை தேடிக்கொண்டிருந்தார். மராத்தியர் வந்தால் நல்ல விலை கொடுக்கவும் தயாராக இருந்தார்.

தெருவில் கிடந்த பிணங்களுக்காக ஜெய்ப்பூரைத் தரைமட்டமாக்குவதா? மாதோ சிங் நீட்டுகிற தொகையை வாங்கிக்கொண்டு கிழக்கே போவதா? ஆண்டுக்கணக்காகப் பணத்துக்காகவே இங்கே வந்து போன தளபதிகள், இந்த முறை எதைத் தேர்ந்தெடுத்தார்கள்?

(தொடரும்)